பத்தும் இருபதும் முப்பத்தைந்து

பையனுக்கு ஒன்பது வயது இருக்கும். தமிழ்ப்பள்ளிச் சீருடை, முதுகில் அவனைவிடக் கனமான பை. கெப்பாலா பத்தாசில் இருக்கும் எங்கள் கடைக்குப் பள்ளி முடிந்ததும் தினமும் வருவான். அன்றைக்குப் பத்துக் காசு மிட்டாய் ஒன்று, இருபது காசு முறுக்குப் பொட்டலம் ஒன்று. அம்மா லேப்டாப்பில் தட்டிவிட்டு, "முப்பத்தஞ்சு காசு ஐயா" என்றார்.

பையன் கையில் மூன்று பத்துக் காசு. அதைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

"ஆன்ட்டி, பத்தும் இருபதும் முப்பதுதானே?"

அம்மா திரையைப் பார்த்தார். 0.35 என்றுதான் இருந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாட்டி, "என்னா கணக்கு அது?" என்று கேட்டார். நான் அப்போது பாயான் லெப்பாஸில் வேலையில் இருந்தேன். இரவு எட்டு மணிக்குப் பாலம் கடந்து, நெரிசலில் ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தபோது மூன்று பேரும் சொன்ன மூன்று விதமான கதையிலிருந்து இதைக் கோத்துக்கொண்டேன். மூன்றாவது ஆள் அப்பா. அவர் கடையிலேயே இல்லை, ஆனாலும் அவரிடமும் ஒரு கதை இருந்தது.

அந்த நிரலை எழுதியது நான்தான்.

எங்கள் கடையின் கணக்கு முழுக்க 555 புத்தகத்தில்தான் இருந்தது. மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் புத்தகத்தை விளக்க வேண்டியதில்லை. உள்ளங்கை அளவு, அட்டையில் மூன்று ஐந்துகள். குடும்பத்துக்கு ஒரு புத்தகம், மாதக் கடைசியில் சம்பளம் வந்ததும் கணக்குத் தீர்ப்பது. அம்மாவிடம் முப்பது புத்தகங்களுக்குக் குறையாமல் இருக்கும், ரப்பர் வளையம் போட்டு பிஸ்கட் டின்னில். பொறியியல் படித்து, தொழிற்சாலையில் சோதனைக் கருவிகளுக்கு நிரல் எழுதிச் சம்பளம் வாங்கும் மகள் வீட்டில் இருக்கும்போது அம்மா எதற்குப் பேனாவோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று நினைத்தேன். ஒரு வார இறுதியில் பைத்தானில் எழுதி முடித்துவிட்டேன். பொருள், எடை, விலை, யார் பெயரில் கடன் எல்லாம் அதில் இருந்தது.

முதல் வாரமே அம்மா ஒரு தப்பைப் பிடித்தார். பூண்டு கிலோ 10.70 வெள்ளி. யாரோ கால் கிலோ வாங்கினார்கள். திரையில் 2.65 என்று வந்தது.

"பத்து எழுவதுல காலு, ரெண்டு அறுவத்தேழரை. அரையை எப்பவும் மேலதான் தள்ளணும். அறுவத்தெட்டு. அப்ப எழுவது. இது எப்படி அறுவத்தஞ்சு காட்டுது?"

அம்மா படித்தது மூன்றாம் படிவம் வரை. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

ஒரு காசு நாணயம் புழக்கத்தில் இல்லாத நாட்டில் இது தினசரிப் பிரச்சினை. 2008 ஏப்ரல் 1 முதல் கையில் காசாகக் கட்டும் மொத்தத் தொகையை அருகிலுள்ள ஐந்து காசுக்குச் சுற்ற வேண்டும் என்று பேங்க் நெகாரா விதி கொண்டுவந்தது. 1, 2 என்று முடிந்தால் கீழே பூச்சியத்துக்கு, 3, 4 என்றால் மேலே ஐந்துக்கு, 6, 7 என்றால் கீழே ஐந்துக்கு, 8, 9 என்றால் மேலே பத்துக்கு. அப்போது நான் ஐந்தாம் ஆண்டு. அந்த நேரத்துப் பிரதமர் அப்துல்லா அகமட் படாவி எங்கள் கெப்பாலா பத்தாஸ் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். ஆகவே ஒரு காசை ஒழித்தது எங்கள் ஊர்க்காரர்தான் என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வீட்டில் ஒரு மைலோ டின் நிறைய ஒரு காசு கிடந்தது. பாட்டி அதைத் தூக்கிப் போட விடவில்லை. இன்னும் இருக்கிறது.

பூண்டுக்கு வருவோம். இரண்டு அறுபத்தேழரையை இயந்திரம் ஏன் கீழே தள்ளியது?

கணினிக்கு இரண்டு விரல்தான். நமக்குப் பத்து விரல். நம்முடைய பத்தடிமான எண்ணில் மூன்றில் ஒன்றை எழுதிப் பாருங்கள்: 0.3333 என்று போய்க்கொண்டே இருக்கும், முடியாது. அதுபோல ஈரடிமானத்தில் பத்தில் ஒன்று முடியாது. பாதி, பாதியின் பாதி, அதன் பாதி என்று வெட்டிக்கொண்டே போய்ப் பத்தில் ஒன்றைச் சரியாகப் பிடிக்க எந்தக் கொம்பனாலும் ஆகாது. பெரும்பாலான மொழிகளில் தசம எண் எழுதினால் அது 53 பிட்டுக்குள் அடங்கும் மிக நெருங்கிய எண்ணாக மாற்றி வைக்கப்படும். 1985இல் வந்த ஐஇஇஇ 754 என்ற தரம் சொல்கிற முறை அது. அதை வடிவமைத்ததில் முக்கியமானவர் வில்லியம் கஹான், அதற்காக 1989இல் டூரிங் விருது வாங்கியவர். பல்கலைக்கழகத்தில் நானும் இதைப் படித்துப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு வெளியே வந்து மறந்திருக்கிறேன்.

ஆகவே 10.70 என்று நான் தட்டியது உள்ளே 10.699999999999999289 என்று தொடங்கும் ஒரு எண்ணாக உட்கார்ந்திருந்தது. அதில் கால் பங்கு 2.674999999999999822. ஏழரைக்கு ஒரு மயிரிழை கீழே. எவ்வளவு கீழே என்றால் ஒரு வெள்ளியை நூறு கோடி கோடிப் பங்காக வெட்டினால் அதில் இரண்டு பங்குகூட இல்லை. ஆனால் விதிக்கு அது போதும். 2.675 இல்லை என்றானதும் 2.67. 2.67 என்றானதும் 2.65. கண்ணுக்கே தெரியாத தூசு, கல்லாவுக்கு வரும்போது ஐந்து காசாகிவிட்டது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடிக்கையாக ஒன்று பார்த்தேன். ஒரு வெள்ளிக்குள் வரும் காசுகளை, சுழியத்திலிருந்து தொண்ணூற்றொன்பது வரை, கணினி எத்தனையைத் துல்லியமாக வைத்திருக்கிறது? நூறில் நான்கு. சுழியம், இருபத்தைந்து, ஐம்பது, எழுபத்தைந்து. அதாவது கால், அரை, முக்கால். மற்றத் தொண்ணூற்றாறும் ஏறக்குறையதான்.

கால், அரை, முக்கால். இந்த மூன்றும் நம் வாயில் இன்னும் உயிரோடு இருக்கிற பின்னங்கள். காலில் பாதி அரைக்கால், அதில் பாதி வீசம், பதினாறில் ஒன்று. இவை எல்லாவற்றையும் கணினி இம்மியும் பிசகாமல் வைத்துக்கொள்ளும். (இம்மியும் ஒரு பின்னத்தின் பெயர்தான்.) பாட்டி கடைக்குச் சாமான் வாங்கப் போன காலத்தில் இங்கே எடை காத்தியில். ஒரு காத்திக்குப் பதினாறு தஹில். ஒரு பவுண்டுக்குப் பதினாறு அவுன்ஸ். இந்தியாவில் ரூபாய்க்குப் பதினாறு அணா. தராசு வைத்துப் பிழைத்தவர்கள் எல்லோரும் இரண்டு இரண்டாகப் பிரித்துத்தான் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். சரிபாதி ஆக்குவதற்குத் தராசு போதும், பத்தாக்குவதற்குத்தான் படிப்பு வேண்டும். பதினாறணாவை நூறு பைசாவாக இந்தியா மாற்றியது 1957 ஏப்ரல் 1. ஒரு அணா ஆறேகால் பைசா ஆனது. அந்தக் காலைப் பைசாவை யார் விட்டுக்கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். நாணயத்தில் கைவைக்க எல்லா அரசாங்கத்துக்கும் ஏன் ஏப்ரல் முதல் தேதிதான் கிடைக்கிறது என்பது வேறு விஷயம்.

ஆனால் பழைய தமிழ்க் கணக்கில் இன்னொரு கிளையும் உண்டு. இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. இவற்றுக்குள் ஐந்து ஒளிந்திருக்கிறது. எங்கே ஐந்து வருகிறதோ அங்கே கணினி தடுமாறும். நம்முடைய ஐந்து காசு என்பது வெள்ளியில் இருபதில் ஒன்று, ஒரு மா. மலேசியாவில் இன்று கையில் புழங்கும் மிகச்சிறிய நாணயத்துக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்திருக்கிறது என்று தெரிந்த அன்று எனக்கு ஏனோ ரொம்ப சந்தோஷமாக இருந்தது. 2019இல் வந்த யூனிகோட் 12இல் இந்தப் பின்னங்களின் குறிகளையும் சேர்த்துவிட்டார்கள். கணினியால் இன்று மாவை எழுத முடியும். எண்ணாக வைத்துக்கொள்ளச் சொன்னால்தான் முழிக்கும்.

சரி, என் முட்டாள்தனத்தைச் சொல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

பூண்டு விஷயத்தில் அம்மா ஐந்து காசு நட்டப்பட்டார் என்றதும் எனக்கு ரோஷம் வந்தது. இரவு பதினொன்றரை, மறுநாள் காலை ஷிஃப்ட். யோசிக்காமல் அருகிலுள்ள எண்ணுக்குச் சுற்றும் வரியை எடுத்துவிட்டு, எப்போதும் மேலே சுற்றும் வரியைப் போட்டேன். மொத்தத் தொகையை 0.05 ஆல் வகு, வருவதை மேலே தள்ளு, திரும்ப 0.05 ஆல் பெருக்கு. பூண்டைத் தட்டிப் பார்த்தேன். 2.70. லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்தேன்.

பத்துக் காசும் இருபது காசும் சேர்ந்தால் கணினியில் 0.30000000000000004. இது நிரலாளர்கள் டீ குடிக்கும்போது சொல்லிச் சிரிக்கும் பழைய நகைச்சுவை. அதை 0.05 ஆல் வகுத்தால் 6.000000000000001 வரும். மேலே தள்ளு என்றால் ஏழு. ஏழு ஐந்து முப்பத்தைந்து. கீழே தள்ளு என்று எழுதியிருந்தாலும் தப்பித்திருக்க முடியாது, நேராக 0.30 என்று தட்டி 0.05 ஆல் வகுத்தால் 5.999999999999999 வரும், கீழே தள்ளினால் இருபத்தைந்து காசு. ஒரே முப்பது காசு, வந்த வழியைப் பொறுத்து முப்பத்தைந்தாகவோ இருபத்தைந்தாகவோ ஆகும்.

இதை நான் அன்றிரவு சாப்பிடாமல் உட்கார்ந்து அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். ஆர்வமாகத்தான் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். ஒரு நல்ல பிழை கிடைத்த பொறியாளரின் குரல் எப்படி இருக்கும் என்று இன்னொரு பொறியாளருக்குத் தெரியும். அப்போது பாட்டி கேட்டார்.

"எப்பவும் மேலதான் ஏத்துமா? எறங்கவே எறங்காதா?"

"இப்ப இருக்கறபடி எறங்காது பாட்டி."

"அப்ப அது கிராணி புத்தி."

பாட்டி முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். எந்தத் தோட்டம் என்பது இங்கே வேண்டாம். விடியற்காலை பெரட்டு, மதியம் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்து வரிசையில் நிற்பது. பாலை நிறுப்பார்கள். பிறகு மெட்ரோலக் என்ற மிதவைக் குச்சியைப் பாலில் விட்டு, அதில் காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்ப்பார்கள். இரண்டையும் பெருக்கினால் கூலிக்கான கணக்கு. முள் இரண்டு கோட்டுக்கு நடுவில் நின்றால் கிராணி கீழ்க்கோட்டைத்தான் எழுதுவார். குச்சி இரண்டு எண்ணுக்கு நடுவில் நின்றாலும் கீழ் எண். மேல் எண் எழுதிய ஒரு நாளைக்கூடப் பாட்டிக்கு ஞாபகம் இல்லை.

"ஒரு நாளைக்குப் பாத்தா ஒண்ணுமில்ல, ஒரு துளிப் பாலு. கேட்டா, 'இந்தத் துளிக்கா சண்டைக்கு வர்ற'ன்னு கேப்பான். எல்லாரும் சிரிப்பாங்க. எனக்குத்தான் வெக்கமா போயிடும்."

இந்தக் கதையை நான் சின்ன வயதிலிருந்து பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கிராணி மேல் கோபம் வரும். இந்த முறை நான் கதையின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

துளி என்னவாகும் என்பதற்கு உலகத்தில் சாட்சிகள் உண்டு. கனடாவின் வான்கூவர் பங்குச்சந்தை 1982 ஜனவரியில் 1000 என்ற புள்ளியில் ஒரு குறியீட்டைத் தொடங்கியது. ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் மூன்றாம் தசமத்துக்குப் பிறகு வருவதைச் சுற்றாமல் வெட்டிப் போட்டார்கள். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை வெட்டு. இருபத்திரண்டு மாதத்தில் குறியீடு 520 சொச்சத்துக்கு விழுந்தது. திருத்திப் பார்த்தால் 1100க்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியது. சந்தை ஏறிக்கொண்டிருந்தது, கணக்கு மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்று சிரிக்க முடியாதது. 1991 பிப்ரவரி 25, சவூதியின் தஹ்ரான். பேட்ரியட் ஏவுகணைத் தடுப்புக் கருவியின் கடிகாரம் பத்தில் ஒரு வினாடியாக எண்ணியது. அந்தப் பத்தில் ஒன்று 24 பிட்டில் வெட்டப்பட்டிருந்தது. கருவி நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் பிழை சேர்ந்து சேர்ந்து 0.34 வினாடி ஆகிவிட்டது. அதற்குள் ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். கருவி வேறு இடத்தில் தேடியது. 28 அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள்.

கடைக்கு இதெல்லாம் பெரிய உதாரணம்தான். ஆனால் வெட்டுவதும் தள்ளுவதும் எப்போதும் ஒரே பக்கமாக நடந்தால் அது பிழை இல்லை, வசூல். இரண்டு பக்கமும் சரிசமமாக நடந்தால் நாளடைவில் ஒன்றையொன்று தின்றுவிடும். பேங்க் நெகாராவின் விதியில் மேலே போவது நான்கு எண், கீழே போவது நான்கு எண் என்று இருப்பது அதற்காகத்தான். ஏழரை மாதிரி நட்டநடுவில் நிற்பதைக்கூட ஒருமுறை மேலே ஒருமுறை கீழே போகும்படி இரட்டை எண் பக்கம் சுற்றும் முறை ஒன்று உண்டு. அம்மாவிடம் சொன்னேன். "அரைன்னா மேலதான். அதெல்லாம் மாத்த முடியாது" என்றுவிட்டார். மாற்றவில்லை.

நிரலைத் திருத்த அரை மணி நேரம் ஆனது. வெள்ளியைத் தசமமாக வைப்பதையே விட்டுவிட்டேன். எல்லாமே காசு, முழு எண். பத்து வெள்ளி எழுபது என்பது 1070 காசு, எடை என்பது முழு கிராம். பெருக்கி, எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ஒரே ஒருமுறை சுற்று. கடனுக்கு வாங்கினால் சுற்றவே சுற்றாதே, மாதக் கடைசியில் காசு கொடுக்கும்போது மட்டும் சுற்று. வங்கி மென்பொருள் எழுதுகிறவர்கள் பல காலமாகச் செய்வதுதான். பைத்தானிலேயே இதற்கென்று டெசிமல் என்ற ஒரு பகுதி இருக்கிறது, ஜாவாவில் பிக்டெசிமல். எதுவும் தெரியாமல் இல்லை. முந்திரியை அலகாக வைத்து எண்ணிய பழைய கணக்கர்களும் இதைத்தான் செய்தார்கள்: உனக்கு வேண்டிய மிகச்சிறிய துண்டைப் பிடித்துக்கொள், பிறகு அதை எண்ணு. துண்டு போதவில்லை என்றால் முந்திரியையே மறுபடி முந்நூற்றிருபதாக வெட்டிக் கீழ்முந்திரி என்று பெயர் வைத்தார்கள். தூக்கிப் போடவில்லை.

கஷ்டமாக இருந்தது அடுத்த வேலைதான். மேலே தள்ளும் நிரல் மூன்று வாரம் ஓடியிருந்தது. கடன் கணக்கில் ஒவ்வொரு பில்லையும் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் எவ்வளவு கூடுதலாக எழுதியிருக்கிறோம் என்று எடுத்தேன். ஒருவருக்கு நாற்பது காசு, ஒருவருக்கு ஒரு வெள்ளி பத்து. மொத்தம் பத்தொன்பது வெள்ளி முப்பத்தைந்து காசு. அம்மா அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பழைய பேனாவை எடுத்து, முப்பது 555 புத்தகங்களிலும் ஒவ்வொன்றாகக் கழித்து எழுதினார். நான் வாசித்தேன், அவர் எழுதினார். பாட்டி ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

ரொக்கத்துக்கு வாங்கியவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது. அது போனது போனதுதான். முதலில் கண்டுபிடித்த பையன் அன்றைக்கு முறுக்கை வைத்துவிட்டு மிட்டாயை மட்டும் வாங்கிப் போயிருந்தான். மறுநாள் அம்மா அவனுக்கு முறுக்கைச் சும்மா கொடுத்தார். "எதுக்கு ஆன்ட்டி?" என்று கேட்டானாம். அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லையாம். "கணக்குல நூறு வாங்கினதுக்கு" என்று பாட்டிதான் நாற்காலியிலிருந்து சொல்லியிருக்கிறார்.

ஒரே ஒரு புத்தகம் பாக்கி. பக்கத்துக் கட்டுமான வேலைக்கு வந்திருந்த வங்காளதேசத்து அண்ணன் ஒருவர். ஊருக்கோ வேறு இடத்துக்கோ போகிறோம் என்று சொல்லி, கணக்கைக் கடைசிக் காசு வரை தீர்த்துவிட்டு, நான் திருத்துவதற்கு நான்கு நாள் முன்புதான் போயிருந்தார். அவரிடம் நாங்கள் கூடுதலாக வாங்கியது எண்பத்தைந்து காசு. அம்மா அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போடவில்லை. கடைசிப் பக்கத்தில் "நாம் தர வேண்டியது 0.85" என்று எழுதி, தேதி போட்டு, டின்னில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறார்.